கீழப்பாவூருக்குப் போன மன்னிப்பு

முத்துசெல்விக்குக் குரலில் ஒரே அளவுதான். பக்கத்து வீட்டில் கொஞ்சம் கடுகு கேட்பதற்கும், ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்ட பஸ்ஸை நிறுத்துவதற்கும் அதே குரல். அவள் அம்மா அரிசி மில்லில் வேலை பார்த்தவள். மில் ஓடும்போது அம்மாவும் மகளும் பேசிப் பேசி அந்தக் குரல் அப்படியே நின்றுவிட்டது. காலையில் அவள் வீட்டுக்காரரை எழுப்பினால் எங்கள் தெருவில் நாலு வீடு எழுந்துவிடும்.

நான் மேலகரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆதார் திருத்தம், பட்டா மனு, ரயில் டிக்கெட் எல்லாம் போட்டுக் கொடுப்பேன். என் பெயர் ஆவுடையம்மாள். முத்துசெல்விக்கு நான் மைனி, அதாவது மதினி. சொந்தம் ஒன்றும் கிடையாது. நான் கலியாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

ஒன்பது வருஷமாக அவளுக்குக் குற்றாலத்தில் சீசன் வேலை. அருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் ஒழுங்கு பார்க்கிற வேலை. ஒரு ஒப்பந்தக்காரர் மூலமாக எடுத்தார்கள். நீல நிற மழைக்கோட்டு, கழுத்தில் விசில். சோப்பு, ஷாம்பு கொண்டுவந்தால் பிடுங்கி வைக்க வேண்டும், போன் எடுத்தால் உள்ளே போடச் சொல்ல வேண்டும், ஒருத்தியே அரைமணி நேரம் நின்றால் வெளியே கூப்பிட வேண்டும். ஆனால் அவள் பார்த்த வேலை அதைவிட அதிகம். மழைக்கோட்டின் உள்பக்கம் ஒரு வரிசை ஊக்கு குத்தி வைத்திருப்பாள். தண்ணீர் வேகத்தில் ஜாக்கெட் கொக்கி தெறித்து, இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு தவித்து நிற்கிற பெண்கள் சீசனில் தினமும் பத்துப் பேராவது இருப்பார்கள். கேட்காமலே போய் முன்னால் மறைத்து நின்று ஊக்கு மாட்டிவிடுவாள். கழன்று விழுந்த மெட்டி, கொலுசு எல்லாம் ஒரு டப்பாவில் சேர்த்து வைப்பாள். ஒரு தடவை பொள்ளாச்சிக்காரி ஒருத்தி விட்டுப்போன கொலுசை, அடுத்த வருஷம் அவள் வந்தபோது முகத்தை ஞாபகம் வைத்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

இப்படிப்பட்டவளைத்தான் போன வருஷம் ஆடி மாதம் லட்சக்கணக்கான பேர் திட்டினார்கள். என்ன நடந்தது என்று அவள் சொல்லியும், பிறகு என் கண்ணால் பார்த்தும் தெரிந்துகொண்டதை அப்படியே சொல்கிறேன்.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நல்ல கூட்டம். காலையிலிருந்தே மலை உச்சி கறுத்துக் கிடந்தது. பதினோரு மணி வாக்கில் அருவித் தண்ணீர் நிறம் மாறியது. தெளிவாக விழுந்துகொண்டிருந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்குப் போய், சருகும் குச்சியும் சேர்ந்து விழ ஆரம்பித்தால் மேலே வெள்ளம் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோதான் நேரம் இருக்கும். ஆண்கள் பக்கம் போலீஸ்காரர்கள் ஆட்களை வெளியே விரட்ட, பெண்கள் பக்கம் முத்துசெல்வியும் இன்னொருத்தியும் விசிலை ஊதிக்கொண்டே ஒவ்வொருத்தராகத் தோளைத் தட்டி வெளியே அனுப்பினார்கள். கடைசி மூலையில் பச்சைச் சுடிதார் போட்ட ஒரு பெண் பாறையைப் பார்த்தபடி கண்ணை மூடி நின்றாள். முத்துசெல்வி விசிலை ஊதினாள். கத்தினாள். அவள் திரும்பவில்லை. உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே படிவரைக்கும் கொண்டுவந்தாள். படியில் நிறுத்தி, அருவிச் சத்தத்துக்கும் மேலே ஒரு சத்தம் போட்டாள்.

“எத்தன மட்டம் ஊதுதேன், காது அவிஞ்சா போச்சு? செவிட்டு மூதி.”

அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே காது கேட்காது.

முத்துசெல்விக்கு அது தெரியாது. அடுத்த ஆளைக் கூப்பிடத் திரும்பிவிட்டாள். சற்று நேரத்தில் வெள்ளம் வந்தது. குளிக்கத் தடை போட்டார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு படுத்துவிட்டாள்.

வரிசையில் நின்ற யாரோ ஒருத்தி போனில் அதை எடுத்திருந்தாள். மொத்தம் பதினெட்டு வினாடி. கையைப் பிடித்து இழுப்பதும், கத்துவதும் மட்டும் அதில் இருந்தது. “குற்றாலத்தில் காது கேளாத இளம்பெண்ணை அடித்து இழுத்த பெண் காவலாளி” என்று மேலே எழுதிப் போட்டிருந்தார்கள். அடித்தாள் என்பது பொய். மற்றது மெய்.

திங்கட்கிழமை காலையில் கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்திவிட்டுப் போனைப் பார்த்தேன். என் தங்கச்சி மகள் திருப்பூரிலிருந்து அந்த வீடியோவை அனுப்பியிருந்தாள். கடையில் ஆள் நின்றதால் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். அதுவும் முழுசாகப் பார்க்கவில்லை. மழைத்தொப்பி போட்ட ஒருத்தி ஒரு பெண் பிள்ளையைத் தரதரவென்று இழுக்கிறாள், அவ்வளவுதான் கண்ணில் பட்டது. எங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் தூக்கிப் போட்டேன். சும்மா போடவில்லை. “இதுகள எல்லாம் வேலைல வச்சவனச் சொல்லணும்” என்று கீழே எழுதினேன். ஜெராக்ஸ் மிஷினில் தாள் மாட்டிக்கொண்டது. அதை எடுக்கப் போய்விட்டேன். அந்த வீடியோ எனக்கு அத்தோடு மறந்துபோனது.

இரண்டு மணி நேரம் கழித்து முத்துசெல்வி கடைக்குள் வந்தாள். தலை சீவவில்லை.

“மைனி, நம்ம அருவில ஏதோ வீடியோ வந்திருக்காம். நாந்தான்னு சொல்லுதாவ. எம் போன் கீறல் விழுந்து படம் சரியாத் தெரிய மாட்டுக்கு. கம்ப்யூட்டர்ல பெருசா போட்டுக் காட்டுங்க.”

போட்டேன். இந்தத் தடவை சத்தத்தோடு. முதல் வார்த்தையிலேயே யாரென்று தெரிந்துவிட்டது. அந்தக் குரலை எனக்குத் தெரியாதா.

அவள் கடைசிவரை பார்த்தாள். “இன்னொரு மட்டம்” என்றாள். மறுபடி போட்டேன். மூன்றாவது தடவை திரைக்குக் கிட்டக்க வந்து, கடைசியில் ஓர் இடத்தில் விரலை வைத்தாள்.

“இங்கன நிறுத்துங்க. அந்தப் பிள்ள கையப் பாருங்க.”

பச்சைச் சுடிதார் பெண் காதைத் தொட்டுக் காட்டி, தலையை இல்லையென்று அசைக்கிறாள். ஒரே ஒரு வினாடி. அதற்குள் முத்துசெல்வியின் முதுகு திரும்பிவிடுகிறது.

“காதத் தொட்டுக் காட்டுது மைனி. எங்கிட்டதான் காட்டுது. நான் பாக்கல.”

நான், “வெள்ளம் வந்துதே முத்து, நீ இழுக்கலன்னா அந்தப் பிள்ளையே போயிருக்கும்” என்றேன்.

“வெள்ளம் வந்ததுக்கு இழுத்தேன். அதுக்கு மேல சொன்னது எதுக்கு?” என்றாள். அப்புறம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேறொன்று சொன்னாள். “பின்னால ஈரத்துணியோட நிக்கிற பொம்பளைகள யாராவது பாத்தாவளா? இதெல்லாம் ஊரு பூரா போயிருக்கும். போன எடுக்கவிடாமப் பாக்கணும்னுதான் என்னய அங்கன நிறுத்திருக்கு.”

குரூப்பில் நான் போட்டதை அப்போது அவளிடம் சொல்லவில்லை. அவள் போனதும் அழித்தேன். அதற்குள் முப்பத்தோரு பேர் பார்த்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அவள் பெயர் வெளியே வந்தது. மதியத்துக்குள் போன் நம்பரும் வந்தது. யார் கொடுத்தது என்று இன்றுவரை தெரியாது. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கூப்பிட்டார்கள். சிலர் புத்தி சொன்னார்கள். பலர் எழுத முடியாத வார்த்தைகளில் ஏசினார்கள். காது கேளாதவளை ஒரு வார்த்தை சொன்னதற்காக ஏசுகிறவர்கள், இவளைச் சொன்ன வார்த்தைகளுக்கு ஒரு கணக்கே இல்லை. சூப்பர்வைசர் இசக்கிமணி கூப்பிட்டு, “அக்கா, மேலேருந்து சத்தம் போடுதாவ. கொஞ்ச நாளைக்கு வராதிய” என்றான். கொஞ்ச நாள் என்றால் சீசன் முடியட்டும் என்று அர்த்தம். அவளுக்கும் அது புரிந்தது.

அவள் வீட்டுக்காரர் மணிமுத்து செங்கோட்டையில் ஒரு மரக்கடையில் வேலை பார்க்கிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து முத்துசெல்வியே பேசிவிடுவதால் அவர் அதிகம் பேசி நான் கேட்டதில்லை. அன்று லீவு போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தார். அவள் போனை வாங்கித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அணைத்துவிடுங்கள் என்று நான் சொன்னதற்கு, “அணைச்சா ஓடி ஒளிஞ்சிட்டாம்பானுவ” என்றார். மணி அடிக்க அடிக்க எடுத்தார். “அவ இல்ல. நான் அவ வீட்டுக்காரன் பேசுதேன். நீங்க சொல்லுங்க, கேக்கேன்.” எதிர்ப்பக்கம் ஏசி முடிக்கிறவரை காதில் வைத்துக் கேட்பார். முடிந்ததும், “சரிங்க” என்று வைத்துவிடுவார். இரண்டு நாள் இதே வேலையாக இருந்தார். அந்த இரண்டு நாளில் அவள் காதில் ஒரு ஏச்சுகூட விழாமல் பார்த்துக்கொண்டார். ஒரு பையன் ஏசிக்கொண்டே வந்தவன், பாதியில் நிறுத்தி, “நீங்க ஏன் ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறீங்க?” என்று கேட்டானாம். “நீங்க முடிக்கல்லியே தம்பி” என்றாராம் இவர். அவன் வைத்துவிட்டான்.

மகள் உலகம்மை நாகர்கோவிலில் நர்சிங் படிக்கிறாள். விடுதியில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அவள் என் போனுக்குக் கூப்பிட்டு அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள். ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

“அம்மா, நீ அப்படிச் சொன்னியா?”

“சொன்னேன்.”

“காது கேக்காதுன்னு தெரிஞ்சா சொன்ன?”

“தெரியாது. ஆனாலும் சொன்னேம்லா.”

பிறகு உலகம்மை, “சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டாள். அதுவரை அழாதவள் அதற்குத்தான் அழுதாள்.

புதன்கிழமை காலையில் கையில் மைக்கோடு ஒருவன் தெருவுக்கு வந்தான். ஏதோ ஒரு சேனல். நல்லவிதமாகத்தான் பேசினான். “அக்கா, கேமராவைப் பார்த்து ரெண்டு கையையும் கூப்பி, தமிழக மக்கள் எல்லாரும் என்னை மன்னிக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இன்னைக்கு ராத்திரிக்குள்ள எல்லாம் அடங்கிரும். நான் கேரண்டி.”

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. சொல்லித் தொலைத்துவிட்டால் முடிந்தது என்று நினைத்தேன். அவள் வாசல்படியில் நின்றுகொண்டு அவனைப் பார்த்தாள்.

“நான் ஏசினது ஒரு பிள்ளைய. கேட்டா அவகிட்ட கேப்பேன். நீரு யாரு? இந்த மக்களு யாரு? அவ்வள பேரையுமா நான் கையப் புடிச்சி இழுத்தேன்?”

அவன் அதையும் எடுத்துப் போட்டான். “திமிர் அடங்காத காவலாளி” என்று எழுதினான். முதல் வீடியோவைவிட அது வேகமாகப் போனது.

அன்று மத்தியானம் அவள் என் கடைக்கு வந்து, “அந்தப் பிள்ள யாருன்னு கண்டுபிடிக்கணும் மைனி” என்றாள். தேட வேண்டிய சிரமமே இருக்கவில்லை. வீடியோவின் கீழே நூற்றுக்கணக்கானவர்கள் எழுதியிருந்ததில் ஒருவர், இது எங்கள் கீழப்பாவூர் கணபதிசுப்பிரமணியன் சார் மகள், சென்னையில் இருக்கிறார்கள், நரசிம்மர் கோயில் சுவாதி பூஜைக்கு ஊருக்கு வந்திருக்கிறார்கள் என்று வீட்டு அடையாளத்தோடு எழுதியிருந்தார். அந்தப் பெண்ணுக்காகப் பரிந்து பேச வந்தவர்தான். பெயர், ஊர், தெரு எல்லாவற்றையும் கொண்டுவந்து சந்தியில் வைத்துவிட்டார். அதைப் படித்ததும், “இவளுக்கும் போன் வந்திருக்கும்” என்றாள் முத்துசெல்வி.

மறுநாள் இரண்டு பேரும் புறப்பட்டோம். நான் கடையை அடைத்துவிட்டுக் கூடப் போனேன். தென்காசியில் பஸ் ஏறினோம். முகத்தை மூடிக்கொள்ளத் துண்டு கொண்டுவந்திருந்தேன். வேண்டாம் என்றுவிட்டாள். எங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பாவூர்சத்திரம் நெருங்கும்போது எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

“முத்து, ஒண்ணு சொல்லணும். அந்த வீடியோவ நம்ம தெரு குரூப்புல போட்டது நாந்தான். நீன்னு தெரியாமப் போட்டுட்டேன்.”

“தெரியும் மைனி” என்றாள், சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே. “குரூப்புல நானும்தான இருக்கேன்.”

அவளே சொன்னாள். “நான்னு தெரியாததுனால போட்டிய. தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டிய. எனக்கும் அந்தப் பிள்ளைக்கிக் காது கேக்காதுன்னு தெரிஞ்சிருந்தா ஏசிருக்க மாட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணுதான். விடுங்க.” அதற்குமேல் அதைப் பற்றி இன்றுவரை பேசியதில்லை. எனக்குத்தான் இன்னும் விடவில்லை.

நரசிம்மர் கோயில் தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. கணபதிசுப்பிரமணியன் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். முத்துசெல்வியைப் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டார். கதவைத் திறக்கவில்லை. மூடிவிட்டும் போகவில்லை.

“சாமி, நாந்தான் அது” என்றாள் இவள். “பிள்ளையப் பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருதேன். பாக்க விருப்பமில்லன்னா இங்கனயே நின்னு ஒங்ககிட்ட சொல்லிட்டுப் போயிருதேன்.”

“எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?” என்றார் அவர். “அவகிட்ட கேக்கறேன். அவ பாக்கறேன்னா பாருங்கோ.”

உள்ளே போய்விட்டு வந்து கதவைத் திறந்தார். கூடத்தில் நாற்காலி போட்டார். மகள் ஸ்ரீவித்யா வந்தாள். இருபத்துநாலு இருபத்தைந்து வயது இருக்கும். காதுக்குப் பின்னால் சின்ன மெஷின் மாட்டியிருந்தாள். தண்ணீரில் போடக்கூடாது என்று அன்றைக்குக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மெஷின் இருந்தாலும் பாதிதான் கேட்குமாம். மீதியை எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள். பேச்சு கொஞ்சம் தடித்து வரும். ஆனால் தெளிவாகப் புரியும். சென்னையில் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிற வேலை பார்க்கிறாள்.

முத்துசெல்வி எழுந்து நின்றாள். ராத்திரியெல்லாம் மனப்பாடம் பண்ணியதைக் கடகடவென்று கொட்டினாள். காது கேட்காதவளிடம் பேசுகிறோம் என்பதால் வழக்கத்தைவிடச் சத்தமாக வேறு. தெப்பக்குளக் கரைவரைக்கும் கேட்டிருக்கும்.

ஸ்ரீவித்யா கையைக் காட்டி நிறுத்தினாள். “கத்தாதீங்கோ. கத்தினா வாய் கோணிண்டு போகும். எனக்குப் புரியாது. மெதுவா. சாதாரணமா.”

முத்துசெல்வி என்னைப் பார்த்தாள். மெதுவாகப் பேசுவது எப்படி என்றே தெரியாமல் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

“உன்னய. கையப் புடிச்சி. இழுத்தேன். செவிட்டு மூதின்னு. ஏசினேன். நீ காதத் தொட்டுக் காட்டுன. நான் பாக்காமப் போயிட்டேன். தப்பு. எம்மேலதான் தப்பு.”

அவ்வளவு தாழ்ந்த குரலில் அவள் பேசி அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அந்தப் பெண் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்.

“செவிடு தெரியும். மூதின்னா என்ன?”

முத்துசெல்விக்கு முகம் எப்படியோ ஆகிவிட்டது. “அது வந்து... மூதேவிம்பாவள்லா, அதத்தான் எங்க ஊர்ல சுருக்கி... எம் பிள்ளையயும் நான் தெனம் அப்படித்தான் ஏசுவேன் தாயி.” இவள் திணறியதைப் பார்த்து முதலில் சிரித்தவர் கணபதிசுப்பிரமணியன்தான். “எங்கம்மாகிட்ட நான் வாங்காத மூதியா” என்றார். அப்பா சிரித்ததைப் பார்த்து அவளும் சிரித்தாள்.

சிரித்து முடித்துவிட்டு ஸ்ரீவித்யா சட்டைக் கையை மேலே ஏற்றிக் காட்டினாள். “கை வலிச்சுது. ரெண்டு நாள். நீங்க பிடிச்ச இடம் செவந்து போயிருந்தது. அதையும் தெரிஞ்சுக்கோங்கோ.” முத்துசெல்வி அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். “வெள்ளம் வந்தது அப்பா சொன்னார். இழுத்தது சரி. கொஞ்சம் மெதுவா இழுத்திருக்கலாம்.”

பிறகு அவள் தன் பங்குக்குச் சொன்னது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாத விஷயம்.

வீடியோ வந்த அன்றே அவளும் பார்த்திருக்கிறாள். ஈரத் துணியோடு தான் நிற்பதை ஆபீஸில் எல்லாரும் பார்ப்பார்களே என்று உடம்பு கூசியிருக்கிறது. அதன் கீழே, “இதில் இருப்பது நான்தான். தயவுசெய்து இதை எடுத்துவிடுங்கள். அவர் என்னை அடிக்கவில்லை” என்று எழுதியிருக்கிறாள். ஒருவரும் நம்பவில்லை. பொய்க் கணக்கு என்றார்கள். அந்தக் காவலாளியின் ஆள் என்றார்கள். உண்மையான பெண் இவளாக இருந்தால் பயந்துபோய்ப் பேசுகிறாள், பயப்படாதே தங்கச்சி, நாங்கள் இருக்கிறோம் என்று சிலர் எழுதினார்கள். நாலு தடவை எழுதிப் பார்த்தாள். ஐந்தாவது தடவை அவள் எழுத முடியாதபடி அந்தப் பக்கத்தில் அவளையே தடுத்துவிட்டார்கள்.

“எனக்காகத்தான் சண்டை போடறா. நான் சொல்றதை யாரும் கேக்கலை” என்றாள். “இப்போ ஆபீஸ்ல எல்லாரும் ‘பாவம்’னு மெசேஜ் அனுப்பறா. மூணு வருஷமா கூட வேலை பாக்கறவா. ஒரு நாளும் யாரும் என்னைப் பாவம்னு சொன்னதில்லை. உங்க மேல கோவம் ஒரு நாள்ல போயிடுத்து. இவா மேல இன்னும் போகலை.”

முத்துசெல்வி நாற்காலியை அவளுக்குக் கிட்டக்க இழுத்துப் போட்டுக்கொண்டாள். மெதுவாக, உதடு தெரியும்படி, “அந்த வீடியோவ எடுக்கவைக்கணும். என்ன செய்யணும்னு சொல்லு. நான் வாரேன்” என்றாள்.

என்ன செய்யவேண்டும் என்பது எனக்குத் தெரியும். கடையில் இந்த மாதிரி எத்தனையோ மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெண்கள் குளிக்கிற இடத்தில் எடுத்தது குற்றம், அதைப் பரப்புவது அதைவிடக் குற்றம். மறுநாள் அப்பாவும் மகளும் மேலகரத்துக்கு வந்தார்கள். என் கடையில் உட்கார்ந்து மனுவை அடித்தேன். ஸ்ரீவித்யா புகார் கொடுக்கிறவள், முத்துசெல்வி சாட்சி. நடந்ததை எழுதும்போது, “பணியில் இருந்த முத்துசெல்வி என்பவர் தகாத வார்த்தை கூறினார்” என்று போட்டேன்.

“அப்படிப் போடாதிய மைனி” என்றாள். “என்ன சொன்னேனோ அதப் போடுங்க.”

“மனுல அதெல்லாம் எதுக்கு முத்து?”

“மறைச்சா நாளைக்கி அவளும் பொய் சொன்ன மாதிரில்லா ஆயிரும்.”

போட்டேன். தென்காசி சைபர் கிரைம் ஸ்டேஷனில் இருந்த பெண் இன்ஸ்பெக்டர் மனுவைப் படித்துவிட்டு, ஏசியவளும் ஏச்சு வாங்கியவளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். வேறெதுவும் கேட்காமல் ரசீது கொடுத்தார். வெளியே வந்து நாலு பேரும் காபி குடித்தோம்.

முதலில் போட்ட பக்கத்திலிருந்து பதினோரு நாளில் வீடியோ போனது. மைக்கோடு வந்தவனும் தன்னுடையதை எடுத்துவிட்டான். ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் எடுத்து வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் தேடினால் எங்காவது கிடைக்கும். எடுத்தவள் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அந்தக் கணக்கே மூடப்பட்டிருந்தது. திட்டியவர்கள் பத்து நாளில் வேறு யாரையோ திட்டப் போய்விட்டார்கள். மன்னிப்பு கேட்டாளா, அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று ஒருவரும் திரும்பி வந்து பார்க்கவில்லை.

முத்துசெல்வி அந்த ஆவணி முழுக்க வீட்டில் இருந்தாள். பிறகு தென்காசியில் ஒரு கலியாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போனாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. காலையில் மணிமுத்து தானாகவே எழுந்துகொண்டார். தெருவில் இருந்தவர்களுக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. யாரும் நேரில் வந்து ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஏதாவது ஒரு சாக்கில் குழம்போ பலகாரமோ போய்க்கொண்டிருந்தது. குரூப்பில் நான் போட்ட வீடியோவுக்குக் கை தட்டிய வீடுகள்தான் எல்லாம்.

கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் ஆரம்பித்தது. சாமிமார் குடும்பத்தோடு வருகிற நாட்களில் பெண்கள் பக்கத்தைச் சமாளிக்க முடியவில்லை என்று இசக்கிமணி வீட்டுக்கே வந்தான்.

“அக்கா, பழச மனசுல வைக்காதிய. நாளைக்கி வந்துருங்க.”

“வாரேன். வாசல்ல ஒரு மேச போடணும். போன அங்கன வச்சி டோக்கன் வாங்கிட்டுத்தான் பொம்பளைகள உள்ள விடணும். அதுக்கு ஒரு ஆளு போடணும்.”

“அதெல்லாம் மேல கேக்கணும்க்கா.”

“கேட்டுட்டு வா. அப்பறம் வாரேன்.”

நாலு நாள் கழித்து மேசை வந்தது. டோக்கன் வரவில்லை. சீட்டுக்கட்டு ஒன்றை வாங்கி, ஒவ்வொரு சீட்டையும் இரண்டாக வெட்டி, பாதியைப் போனோடும் பாதியை ஆளிடமும் கொடுக்கிற ஏற்பாட்டை இவளே செய்தாள். இப்போது அப்படித்தான் நடக்கிறது.

வேலைக்குப் போன இரண்டாவது வாரம் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா, மேசையில் போனை வைக்க வந்தவர், இவளையே உற்றுப் பார்த்திருக்கிறார். “ஏனுங்க, நீங்கதானுங்களே அந்த வீடியோவுல இருந்தது?”

“ஆமா. நாந்தான். போன வச்சிட்டுப் போங்க.”

அந்த அம்மா போனை வைத்தார். ஆனால் உள்ளே போகவில்லை. “அந்தப் பொண்ணு இப்ப எப்படிங்க இருக்குது?” என்று கேட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் நேராக என் கடைக்கு வந்து முத்துசெல்வி இதைச் சொன்னாள். மழைக்கோட்டுகூடக் கழற்றவில்லை. ஆயிரம் பேர் கூப்பிட்டு ஏசியிருக்கிறார்கள், ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. இவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நல்லா இருக்கா, போன மாசம் புதுசா ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடம் முழுக்க அவ வரஞ்சது, எனக்குப் படம் அனுப்பிருக்கா, தை மாசம் வருவா என்று அந்த அம்மாவிடம் ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறாள். பின்னால் வரிசை மதில்வரை நீண்டு, இசக்கிமணி ஓடிவந்து ஏசுகிறவரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்களாம்.